குத்துவில்லையியல்

மாணாக்க, அமர்க. ஏட்டைத் திறக்குமுன் கையைக் கழுவிவிட்டு வருக. படலத்தின்மேல் விரல்தடம் பதித்தலை இந்நூல் தனிக்குற்றமாக எண்ணவில்லை. விட்டது பெருந்தன்மையால் அன்று. எண்ணப் புகின் முடிவில்லை என்பதால்.

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், குத்துவில்லையை வீட்டிலிருந்தவாறே இயற்றும் முறை உணர்த்துதல் நுதலிற்று. குத்துவில்லையாவது, வட்டத் தகரத்தின்மேல் ஓவியத்தாள் போர்த்து, அதன்மேல் ஒளிபுகும் படலம் போர்த்து, மூன்றன் விளிம்பையும் முதுகுப்புறம் மடக்கி, குத்தூசியால் சட்டையில் நிறுத்தப்படுவது. உலகவழக்கில் இதற்குப் 'பேட்ஜ்' என்று பெயர். அச்சொல்லை இனி நான் ஆளேன். பிறர் வாயிலிருந்து வருங்கால் மட்டும் உள்ளவாறே எழுதுவேன்.

இதனைப் பொத்தான் என எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. பொத்தான் என்பது போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல். அன்றியும் பொத்தான் சட்டையை மூடும். வில்லை சட்டையைத் துளைக்கும். தொழிலால் எதிரான இரண்டுக்கும் ஒரு பெயர் ஆகாது. ஊக்கு என்பதற்கும் ஆங்கிலப் பிறப்புச் சொல்வார் இருத்தலின் குத்தூசி என்றே கொண்டோம். வில்லை யாங்ஙனம் பெற்றாம் எனின், ஆட்சியர் அலுவலகங்களில் பித்தளை அடையாளம் அணிந்து நின்றவரை வில்லைச் சேவகர் என்றனர் முன்னையோர். அத்தொடரின் பின்சொல் வடசொல். அதனைத் தள்ளி முன்சொல்லை மட்டும் எடுத்தோம். முன்சொல்லின் பிறப்பிலும் ஐயம் உடையார் எனக்கு மடல் எழுதுக. விடை அடுத்த பதிப்பில் தரப்படும்.

தோற்ற வரலாற்றில் நெடிது நில்லேன். 1789-இல் வாசிங்டன் அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவராய்ப் பொறுப்பேற்றபோது, அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த செப்பு, பித்தளைக் குமிழ்களை மக்கள் மேலங்கியில் அணிந்தனர். அவை நூலால் தைக்கப்பட்டவை. ஆதலின் வில்லைக்குப் பாட்டன் முறை. 1860-இல் இலிங்கன் தேர்தலில் நின்றபோது அவர் முகத்தை மெல்லிய இரும்புத் தகட்டில் ஒளிப்படமாய் எடுத்து, சட்டத்தில் இட்டு, துளையில் நாடா கோத்தனர். துளை விழுந்தது தகட்டில், சட்டையில் அன்று. இது தந்தை முறை. மைந்தன் பிறந்தது 1896-இல், மெக்கின்லியும் பிரையனும் எதிர்நின்ற தேர்தலில். நியூ செர்சியின் நியூவார்க் நகரத்தில் இயங்கிய வைட்டெட்–ஓக் நிறுவனம் காப்புரிமை பெற்று, தாளும் செலுலாய்டுப் படலமும் தகரமும் கம்பியும் கூடிய வில்லையை அளவின்றிச் செய்து குவித்தது.

அவர்தம் நுண்மை ஓவியத்தில் இல்லை, மாணாக்க, முதுகில் உளது. ஒற்றைக் கம்பியை வளைத்து, மடங்கிய விளிம்பின் உட்குழிவில் செருக, கம்பி தன் விறைப்பாலேயே அங்கு நின்றுகொண்டது. பற்றாசும் இல்லை, பசையும் இல்லை. எஞ்சிய முதுகுக் குழியில் செய்தோர் பெயரும் காப்புரிமை நாளும் அச்சிட்ட சிறுதாளை வைத்தனர். இன்றும் பழவில்லை தொகுப்போர் முதலில் முகம் பாரார். திருப்பி முதுகு பார்ப்பர். சிகாகோவில் இவற்றுக்கெனத் தனி அருங்காட்சியகம் உண்டு என்பதையும் குறித்துக்கொள்க.

இனி உறுப்பு.

தட்டே தாளே படலம் முதுகே
குத்தூசி யென்றாங் கைந்துறுப் பினதே.

இது யான் யாத்த நூற்பா. முகத்தட்டு, ஓவியத்தாள், ஒளிப்படலம், முதுகுத்தட்டு, குத்தூசி என்பன ஐந்து. குத்தூசி முதுகோடு ஒட்டியே விற்கப்படுதலின் உறுப்பு நான்கே என்பார் உளர். பல்லும் வாயோடு ஒட்டியே இருக்கிறது. அதனைத் தனியே எண்ணாதவர் யார்?

கடையில் சென்று 'ஒளிப்படலம் நூறு' எனக் கேட்டால் கிடையாது. 'மைலார்' எனக் கேட்க. பணம் கொடுத்து, பெற்று, உன் வீட்டு வாயிலைக் கடந்தபின் ஒளிப்படலம் எனக் கொள்க. ஓவியத்தாளோ, படியெடுக்கும் கடைகளில் கிடைக்கும் 80 கிராம் தாளே போதும். 100 கிராமும் தகும். நூறு வில்லைக்கு உரியது என எழுதிய பொதி ஒன்றை ஒருமுறை வாங்கி எண்ணினேன். முகத்தட்டு 100, முதுகு 98, படலம் 103. விற்றவரிடம் முறையிட்டேன்.

"மொத்தமா பாத்தா உங்களுக்குத்தான் சார் லாபம்" என்றார்.

கூட்டிப் பார்த்தேன்: 301. அவர் கணக்கில் பிழை இல்லை.

குத்தூசி இருவகைத்து. முதுகுத்தகட்டிலேயே பொருந்தி வருவது உடன்பிறப்பூசி. நெகிழி முதுகில் பின்னர் மாட்டுவது மாட்டூசி. கண்ணாடி பதித்த முதுகு, திறவுகோல் வளையம் கோத்த முதுகு, குளிர்ப்பெட்டிக் கதவைப் பற்றும் முதுகு என இக்காலத்தார் பலவும் விற்கின்றனர். குத்தாதது குத்துவில்லை ஆகாது. அவை வேறு நூலுக்கு உரியன. அந்நூலை யான் எழுதேன்.

அளவு. குறுக்களவு 25 மி.மீ. உடையது குறுவில்லை. 44 நடுவில்லை. 58 பெருவில்லை. 75 மீப்பெருவில்லை. இடைப்பட்டன இடைவில்லை எனப் பொதுப்பெயர் பெறும். குறுவில்லை ஒரு சொல்லையும் ஒரு சினத்தையும் தாங்கும். 1970-களின் இறுதியில் இலண்டன் இளைஞர் தோல் மேலங்கிகளில் கொத்துக் கொத்தாய்க் குத்தியது பெரும்பாலும் இவ்வகையே. மீப்பெருவில்லை பருத்திச் சட்டையைக் கீழிழுத்துத் தோளை ஒருபுறம் சாய்க்கும். மேடையில் நிற்போர்க்கு அன்றி விலக்கு. இல்லத்தார்க்கு உகந்தது பெருவில்லையே. இங்குப் பெயர்நீளமும் எண்ணத்தக்கது. 1952-இல் ஐசனோவர் தலைவர் தேர்தலில் நின்றபோது அவர் செல்லப்பெயர் 'ஐக்' என்று இருந்தது வில்லை செய்தோர்க்கு வாய்த்த பேறு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் இரண்டே. நம் வீடுகளில் பெயர்கள் அவ்வாறு அமைவதில்லை.

ஈண்டு ஓர் அளவுமயக்கம் தெளிவிக்கப்படும். 58 மி.மீ. வில்லைக்குத் தாளை 58-ஆக வெட்டுவோன் தொடக்கநிலை மாணாக்கன். 70-ஆக வெட்டுக. மிகும் 12-இல் ஒரு புறத்துக்கு 6 மி.மீ. விளிம்பைச் சுற்றிக்கொண்டு முதுகில் மறையும். இம்மறைபகுதிக்குக் 'கரவுவளையம்' எனப் பெயரிட்டுள்ளேன். கரவுவளையத்தில் வானம் இருக்கலாம், புல் இருக்கலாம். எழுத்து இருத்தலாகாது, காது இருத்தலாகாது.

மற்றொன்று: பொதுத்தாளின் அகலம் 210 மி.மீ. எழுபதால் வகுக்க மூன்று. எனவே வரிசைக்கு மூன்று வட்டம் எனக் கணக்குச் சொல்லும். அச்சுப்பொறி சொல்லாது. அது தாளின் இருமருங்கும் சில மி.மீ. வெறுமையாய் விட்டே அச்சிடும் இயல்பினது. ஆதலின் முதல் வட்டத்தின் இடத்தோளும் மூன்றாம் வட்டத்தின் வலத்தோளும் அறுபடும். கணக்கு மூன்று எனவும் பொறி இரண்டு எனவும் கூறுமிடத்துப் பொறி கூறியதே கொள்க.

இனித் தொழில். வில்லை அழுத்தும் பொறியில் மேலச்சு ஒன்று, கீழச்சு இரண்டு. கீழச்சுகள் தட்டாமாலைபோல் சுழன்று முறைமுறையே மேலச்சின்கீழ் வந்து நிற்கும். முதற்கீழச்சில் முகத்தட்டைக் குவிபுறம் மேலாக வைத்தல், அதன்மேல் தாளை ஓவியம் மேலாக இடுதல், அதன்மேல் படலம் இடுதல், சுழற்றுதல், கைப்பிடியை அடிவரை அழுத்துதல். தூக்கிப் பார்த்தால் அச்சில் ஒன்றும் இராது. அஞ்சற்க. மூன்றையும் மேலச்சு தன் வாயில் கவ்விக்கொண்டது. இதற்குக் 'கவ்வுநிலை' என்று பெயர். இந்நிலையில் பொறியைத் தலைகீழாக்கி 'எங்கே போச்சு?' எனத் தேடிய என் தமக்கை மகன் இன்று நன்மாணாக்கன். பின் இரண்டாங்கீழச்சில் முதுகுத்தட்டைக் குத்தூசி கீழ்நோக்க வைத்து, சுழற்றி, மீண்டும் அழுத்துக. முதல் அழுத்தம் ஓசையற்றது. இரண்டாவது, விளிம்பு மடங்குங்கால், முற்றிய கொத்தவரங்காயை ஒடித்தாற்போன்ற ஒலி தரும். அவ்வொலி கேளாது கைப்பிடியை விடுவோன் அரைவில்லை பெறுவான்.

இனிக் குற்றம். நன்னூலார் நூலுக்குக் குற்றம் பத்து என்றார். வில்லைக்கு எண்ணுமிடத்துப் பதினொன்று வந்தது. பலமுறை எண்ணினேன், பதினொன்றே. நூலினும் வில்லை ஒரு குற்றம் மிகுதியாய் உடையது என்பது எனக்கும் ஒவ்வாததுதான். ஆயினும் கண்டதைக் கூறுதல் கடன்.

முதலாவது படலமறதி. தட்டும் தாளும் இட்டு, தொலைபேசி ஒலித்தமையால் எழுந்து சென்று, மீண்டு வந்து படலமின்றி அழுத்துதல். பார்வைக்குக் குற்றம் தெரியாது. ஆனால் மூன்றாம் நாள் வியர்வை பட்டு மையெல்லாம் சட்டைக்கு இறங்கும். அழுத்துமுன் கீழச்சை விளக்கின் எதிரே நோக்குக, நிலவு விழுந்த குளம்போல் ஒரு வெள்ளை மினுக்கு நகர வேண்டும், நகராதாயின் நிறுத்துக. இரண்டாவது இதன் மறுதலை: படலவிரட்டை. உலர்ந்த நாள்களில் படலங்கள் ஒன்றையொன்று விடா. மின்னூட்டத்தால் ஒட்டி, இரண்டு ஒன்றெனத் தோன்றும். பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு தேய்த்து, பக்கவாட்டில் ஊதிப் பிரிக்க. இரண்டும் சேர்ந்து உட்புகின் விளிம்பு மடங்காது. பொறி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அப்பொழுது கத்திமுனையால் நெம்பற்க. அச்சின் வாய் கீறுண்டால் அதன்பின் பிறக்கும் வில்லையெல்லாம் அக்கீறலைச் சுமந்தே பிறக்கும்.

மூன்றாவது தாட்செருக்கு, அஃதாவது, ஒளிப்படங்களுக்குரிய தடித்த தாளை இடுதல். செல்வர் வீட்டில் மிகுதி. நான்காவது மைக்கலக்கம், ஐந்தாவது முகச்சுருக்கம், ஆறாவது விளிம்புவிழுங்கல். இவை பெயராலேயே விளங்கும். ஏழாவது அகமயிர்: படலத்தின்கீழ் ஒரு முடி அகப்படுதல். தலைவர் படத்தில் அகப்படின் அது மீசையோ வடுவோ எனப் பின்னாளில் ஆய்வு எழும். எட்டாவது ஊசிவிழுங்கல்: முதுகுத்தட்டை ஊசி மேல்நோக்க வைத்து அழுத்த, குத்தூசி வில்லையின் வயிற்றுக்குள் சென்றுவிடுதல். வெளியே முழுமையும் உள்ளே கூர்மையும் உடைய இவ்வில்லையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுக்கும். குழந்தைகள் விரும்புவர், கொடுக்கற்க.

ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்றும் தலைமயக்கம் என்னும் ஒருதாய் மக்கள். குத்தூசி கிடைமட்டமாக நிற்க, ஓவியத்தின் தலை அதற்கு நேர்மேலே அமைதல் வேண்டும். அவ்வாறன்றி, ஓவியம் சிறிது சரிந்தால் சாய்தலை. முழுதும் பக்கவாட்டில் விழுந்தால் கிடைத்தலை. அடிமேலாய் நின்றால் கவிழ்தலை. தாளை இடும்போதும் முதுகை இடும்போதும் ஒரே திசையைத் தலை எனக் கொள்ளாமையே இவற்றுக்கு வேர். சாய்தலையை அணிவோன் தன் கழுத்தைச் சிறிது சாய்த்து ஈடுசெய்யலாம். கிடைத்தலைக்குப் படுத்தல் ஒன்றே தீர்வு. கவிழ்தலைக்குத் தீர்வில்லை என்றே முதற்பதிப்பில் எழுதியிருந்தேன்.

அணிவோர் நோக்கம்பற்றி வில்லை ஐவகைப்படும். பொறுப்பு உரைப்பது அறிவிப்புவில்லை. திருமணப் பந்தியில் 'உணவுக்குழு' எனக் குத்தித் திரிவோர் அணிவது. கட்சியும் நடிகரும் பற்றியது சார்புவில்லை. சப்பானில் சார்பு மிக்க இளையோர் ஒரே முகமுடைய வில்லைகளைக் கைப்பை முழுதும் இடைவெளியின்றிக் குத்தித் தூக்குவர்; அப்பைக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழாக்கின் 'நோவுப்பை' என வரும். நோவது தோளோ பணப்பையோ பார்ப்போர் கண்ணோ என அவர்களே வரையறுக்கவில்லை. மூன்றாவது நினைவுவில்லை. நான்காவது நகைவில்லை. ஐந்தாவது வாளாவில்லை: பொறி வாங்கிய முதல் கிழமையில், பொறி இருக்கிறது என்பது பற்றியே செய்யப்படுவது. பூனை, மாம்பழம், அண்டைவீட்டார் வண்டி முதலியன இதன் பாடுபொருள். எண்ணிக்கையில் இதுவே மிகுதி. ஐந்தும் எதிரே நிற்பவன் காண அணியப்படுதலின் இவை அனைத்தும் பிறர்நோக்கு என ஒரே தொகையுள் அடங்கும் என முடித்திருந்தேன்.

அம்முடிபு சென்ற தைத் திங்களில் அசைவுற்றது. என் தாய்க்கு எண்பது நிறைந்தது. விழாவுக்கு அறுபது நினைவுவில்லை செய்யப் புகுந்தேன். முதற்சிக்கல் எழுத்தில். 'அப்பத்தா 80' எனத் தாள் அடித்திருந்தேன். தமக்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, எங்களுக்கு அம்மாச்சி. நாங்க அப்பத்தான்னு குத்திக்கிட்டுப் போனா அம்மா சும்மா விடுமா?" என்றான். முறைபிழையா வகுப்பு. மகன்வழிக்கு முப்பது, மகள்வழிக்கு முப்பது எனத் தாளை மீண்டும் அடித்தேன். 'அம்மாச்சி'க்கு எழுத்தளவைச் சற்றுக் குறைக்க வேண்டியிருந்தது.

உணவுப்பலகையில் பொறியை நிறுத்தினோம். தட்டு இடப்புறம், முதுகு வலப்புறம், படலம் நடுவில் ஒரு குழிக்கிண்ணத்தில். என் மனைவி மூன்றுமுறை வந்து, "ஏங்க, சாப்பிட இடம் உண்டா இல்லையா?" என்றாள். நாற்பத்தேழாம் வில்லை வரை ஒரு குற்றமும் இல்லை. நாற்பத்தெட்டாவதை அழுத்தும்போது மின்சாரம் நின்றது. கையிலிருந்த முதுகுத்தட்டை இருளிலேயே வைத்து, கொத்தவரங்காய் ஒலி கேட்கும்வரை அழுத்தினேன். வெளிச்சம் வந்தபின் பார்த்தால், ஐயமறக் கவிழ்தலை. அதனைக் குற்றப்பெட்டியுள் இட்டு, மாற்றாக ஒன்று செய்தேன்.

விழாவன்று வந்தவர் அனைவரும் முறைக்கேற்பக் குத்திக்கொண்டனர். தாய்க்கு நல்லதொன்றைத் தேர்ந்து நீட்டினேன். அவரோ குற்றப்பெட்டியைக் கிளறி, அந்த நாற்பத்தெட்டாவதை எடுத்து, சேலைத் தலைப்பில் தோளுக்குச் சற்றுக் கீழே தாமே குத்திக்கொண்டார்.

"அம்மா, அது தலைகீழா இருக்கு. கழட்டுங்க, வேற தர்றேன்."

அவர் தாடையை மார்போடு சேர்த்துக் குனிந்து, கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்தி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "அப்-பத்-தா எண்பது. எனக்கு நேராத்தானேடா இருக்கு? அவுங்க குத்திக்கிட்டு இருக்கறதுதான் எனக்குத் தெரியுதே. நான் குத்தினா நான் படிக்க வேண்டாமா?"

மாணாக்க, அன்றிரவே ஏட்டைத் திருத்தினேன். நீயும் திருத்திக்கொள்க. அணிவோன் குனிந்து தானே படித்தற்பொருட்டு ஓவியம் அடிமேலாய் அமைவது 'தன்னோக்குவில்லை'. இது வில்லையின் ஆறாம் வகை. ஐவகை எனக் கண்டவிடமெல்லாம் அறுவகை எனப் படிக்க. கவிழ்தலையைக் குற்றத்தொகையினின்று நீக்குக. எஞ்சியவை பத்து. பத்தாவது எண்ணில் இப்போது நிற்பது கிடைத்தலை, அதனைத் தொடற்க. படுத்திருப்போர் யாரேனும் அதனையும் எடுத்துக் குத்திக்கொள்வரோ என இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கிறேன்.